சான்போர்ட் மைஸ்னர் (1905 – 1997): எதிரில் நிற்பவரைக் கவனிக்கக் கற்பித்த நடிப்பு ஆசிரியர்

வசனத்தை மனனம் செய்து உரத்த குரலில் ஒப்புவிப்பதே நடிப்பு என எண்ணும் மாணவர் பலர் உளர். அவ்வெண்ணம் தவறு எனச் செய்முறையில் காட்டிய ஆசிரியர்களுள் ஒருவர் சான்போர்ட் மைஸ்னர். நடிகர் தமது கவனத்தைத் தம்மீது அன்றிச் சக நடிகர்மீது செலுத்த வேண்டும் என்பதே இவரது போதனையின் அடிப்படையாகும்.

இளமைக்காலம்

மைஸ்னர் 1905 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 ஆம் திகதி நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஹங்கேரியிலிருந்து குடியேறிய யூதர்கள். சிறுவயதில் இவரது உடல்நலம் கருதிக் குடும்பத்தினர் மலைப்பாங்கான கிராமப்புறம் ஒன்றிற்குச் சென்றனர். அங்கு காய்ச்சாத பாலை அருந்திய இவரது தம்பி, அப்பாலின் மூலம் தொற்றிய காசநோயால் இறந்தான். இவருக்காகச் சென்றதாலேயே அவ்விழப்பு நேர்ந்தது எனப் பெற்றோர் இவரைக் குறைகூறினர். அக்குற்றவுணர்வு வாழ்நாள் முழுவதும் இவரை விட்டு நீங்கவில்லை. தனிமைப்பட்ட சிறுவனுக்கு வீட்டிலிருந்த பியானோவே ஆறுதலாயிற்று.

பின்னர் முறையாக இசை பயின்றார். ஆனால் குடும்பத்தின் பொருள் நெருக்கடியால் கல்வி இடைநின்றது. தந்தையாரின் தொழிலுக்கு உதவியாகத் துணிச்சுருள்களைச் சுமந்தார். அவ்வேளைகளில் தாம் கற்ற இசையை மனத்துள் மீட்டியபடியே பொழுதைக் கழித்தார்.

நாடக உலகில்

1924 இல் தியேட்டர் கில்ட் தயாரிப்பு ஒன்றில் சிறு வேடமேற்று அரங்கிற்கு வந்தார். 1931 இல் ஹரோல்ட் கிளேர்மன், லீ ஸ்ராஸ்பேர்க், செறில் குறோபோர்ட் ஆகியோர் குறூப் தியேட்டர் என்னும் குழுவை நிறுவியபோது அதன் முதல் உறுப்பினர்களுள் ஒருவரானார். ரஷ்ய நாடக மேதை ஸ்ரனிஸ்லவ்ஸ்கியின் நடிப்பு முறையை அமெரிக்காவில் வளர்த்தெடுத்த குழு இதுவாகும்.

இங்கு ஒரு முக்கிய கருத்து வேறுபாடு எழுந்தது. நடிகர் தம் வாழ்வில் நேர்ந்த துயரங்களை நினைவுகூர்ந்து மேடையில் உணர்ச்சியை வரவழைக்க வேண்டும் என ஸ்ராஸ்பேர்க் பயிற்றினார். 1934 இல் பாரிஸில் ஸ்ரனிஸ்லவ்ஸ்கியிடம் நேரிற் பயின்று திரும்பிய ஸ்ரெலா அட்லர், கற்பனையும் நாடகச் சூழலுமே முதன்மையானவை என்றார். மைஸ்னர் அட்லரின் பக்கம் நின்றார். தம்பியின் இழப்பைச் சுமந்த இவர், பழைய காயத்தைக் கிளறும் வழியைத் தெரிந்தெடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பயிற்சி முறை

1935 இல் நியூயோர்க்கிலுள்ள நெய்பர்ஹூட் பிளேஹவுஸ் நாடகப் பள்ளியில் ஆசிரியரானார். இடைக்காலத்தில் விலகியிருந்தபோதும், இவரது கற்பித்தற் பணி பெரும்பாலும் அங்கேயே நிகழ்ந்தது. இவரது பயிற்சிகள் படிமுறையானவை.

1. மீளக்கூறல்: இருவர் நேருக்கு நேர் அமர்வர். ஒருவர் மற்றவரில் தாம் காணும் ஒன்றை, உதாரணமாகச் சட்டையின் நிறத்தை, கூறுவார். மற்றவர் அதையே திருப்பிக் கூறுவார். இவ்வாறு தொடரும்போது சொற்கள் பொருளிழந்து, குரலிலும் முகத்திலும் ஏற்படும் மாற்றங்களே இருவரையும் இயக்கும். சிரிப்போ சினமோ திட்டமிடாமல் தானே எழும்.

2. தனிச் செயல்: ஒருவர் உடைந்த பாத்திரத்தை ஒட்டுவது போன்ற கடினமான வேலையில் ஈடுபடுவார். அதனைச் செய்ய வலுவான காரணமும் கால எல்லையும் இருக்க வேண்டும். மற்றவர் கதவைத் தட்டி உள்ளே வருவார். வேலையை விடாமலே வந்தவருக்கு மறுமொழி கொடுக்க வேண்டும்.

3. உணர்ச்சி ஆயத்தம்: காட்சிக்குள் நுழையுமுன் கற்பனையின் துணையால் உரிய மனநிலையை அடைதல். உள்ளே வந்தபின் நடப்பதைச் சக நடிகரின் செயலே தீர்மானிக்கும்.

4. வசனம்: ஏற்ற இறக்கமின்றி மனனம் செய்தல். முன்கூட்டியே தொனியை நிர்ணயித்தால் மறுமொழி பொய்யாகிவிடும்.

கிள்ளினால்தான் வலியில் கத்துவோம்; கிள்ளுமுன் கத்துபவர் நடிப்பதாகப் பாசாங்கு செய்கிறார். இம்முறையின் சாரம் இதுவே. கிறகறி பெக், கிறேஸ் கெலி, றொபேட் டுவால், டயான் கீற்றன் முதலியோர் இவரிடம் பயின்றனர். திரைப்பட நெறியாளர் சிட்னி பொலக் இவரது உதவியாளராகவும் பணியாற்றினார்.

இறுதிக்காலம்

புற்றுநோய் காரணமாக மைஸ்னரின் குரல்வளை அகற்றப்பட்டது. பேச்சையே கருவியாகக் கொண்ட ஆசிரியருக்கு இதைவிடப் பேரிழப்பு வேறில்லை. எனினும் காற்றை விழுங்கி வெளிவிட்டுப் பேசும் முறையைப் புதிதாகக் கற்றார். மூக்குக்கண்ணாடியில் பொருத்திய ஒலிவாங்கியின் துணையுடன் கற்பித்தலைத் தொடர்ந்தார். அக்கரகரத்த ஒலியை விளங்கிக்கொள்ள, மாணவர் கூர்ந்து செவிமடுக்க வேண்டியிருந்தது. டெனிஸ் லோங்வெல்லுடன் இணைந்து எழுதிய இவரது நூல் 1987 இல் வெளியானது. 1997 பெப்ரவரி 2 ஆம் திகதி கலிபோர்னியாவில் தமது 91 ஆவது வயதில் காலமானார்.

நினைவிற் கொள்க

மாணவர்களே, ஸ்ராஸ்பேர்க் நடிகரின் கடந்தகால நினைவையும், அட்லர் கற்பனையையும், மைஸ்னர் சக நடிகருக்கான உடனடி மறுமொழியையும் முதன்மைப்படுத்தினர். மூவருக்கும் மூலவர் ஸ்ரனிஸ்லவ்ஸ்கியே. ஒப்பிடுமாறு வினா வரின் இவ்வேறுபாட்டை உதாரணத்துடன் எழுதுக.

பயிற்சி வினாக்கள்

1. மீளக்கூறற் பயிற்சியின் நோக்கம் யாது?
2. வசனத்தை ஏற்ற இறக்கமின்றி மனனம் செய்யுமாறு மைஸ்னர் பணித்தமைக்கான காரணத்தை விளக்குக.
3. உமது பாடசாலை நாடக ஒத்திகையில் இப்பயிற்சிகளுள் ஒன்றை எவ்வாறு பயன்படுத்துவீர்?