ஒலிக்குத் தொண்டு செய்த மெய்யப்பர்

குன்றத்தூர், பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பெருமான் தோன்றிய ஊர். அவ்வூரில் வாழும் ஒருவர், தம் பாட்டனார் காலத்து இசைத்தட்டுகளைப் போற்றி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அவர் தம் வீட்டு இசைத்தட்டுக் கருவியில், தட்டின்மேல் படியும் கையின் நுனியிலிருந்த பழைய கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு, அதனினும் சிறந்த ஒன்றைப் பொருத்துகிறார். தட்டு பழைய தட்டே, பாடியவரும் அவரே. ஆயினும், முன்பு கேளாதிருந்த தம்பூராவின் சுருதியும் மிருதங்கத்தின் நுண்ணிய ஒலிகளும் இப்பொழுது தெளிவாகக் கேட்கின்றன. அவ்வொலிகள் தட்டின் பள்ளத்தில் இத்தனை ஆண்டுகளும் உறங்கிக் கிடந்தவையே. அவற்றை எழுப்பவல்ல முள்தான் இதுவரை வாய்க்கவில்லை.

கிராமபோன் பெட்டியின் தொடக்க காலத்தில், எஃகு முள் ஒன்று தட்டின் பள்ளத்தில் ஊர்ந்து அதிரும். அவ்வதிர்வு மெல்லிய தகடு ஒன்றை அசைக்கும். அதனின்று எழும் ஒலி குழாயின் வழியே பெருகி வெளிவரும். முள் விரைவில் தேயுமாதலால், தட்டின் ஒரு பக்கம் பாடி முடிந்தவுடன் அதனை மாற்றுதல் வேண்டும். கருவியின் தலைப்பகுதி கனமானது. ஆதலின் தட்டும் நாளடைவில் தேய்ந்தது. பிற்காலத்தில், முள்ளின் அசைவைக் காந்தமும் கம்பிச் சுருளும் கொண்டு மின்னாற்றலாக மாற்றும் கார்ட்ரிட்ஜ் வந்தது. அதன் முள் வைரத்தால் ஆனது. தட்டின்மேல் அது தாங்கும் எடை ஏறக்குறைய 2 கிராம் அளவே. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழந்தட்டின் பள்ளம் அகன்றது. ஆதலின், நெடுந்தட்டுக்குரிய முள்ளைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு பருத்த முள்ளே அதற்கு ஏற்றது. உரிய முள்ளைத் தேர்ந்து, எடையை அளந்து, கோணம் பிறழாமல் பொருத்துவோர்க்கே பழைய இசை முழுமையாக வசப்படும்.

குன்றத்தூரிலிருந்து போரூர் வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்றால், ஆற்காடு சாலையிலுள்ள வடபழனியை அடையலாம். அங்கே ஏவி.எம். என்னும் புகழ்பெற்ற படநிலையத்தை நிறுவியவர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார். படவுலகில் பெரும்புகழ் எய்திய அவர், தம் வாழ்வைத் தொடங்கியது இசைத்தட்டு விற்பனையில் என்பதைப் பலர் அறியார்.

மெய்யப்பர் 1907ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 28ஆம் நாள் காரைக்குடியில் பிறந்தார். தந்தையார் ஆவிச்சி செட்டியார், ஏவி அண்டு சன்ஸ் என்னும் கடையை நடத்தி வந்தார். அக்கடையில் கிராமபோன் இசைத்தட்டுகளும் விற்கப்பட்டன. இளமையிலேயே தந்தையாருக்குத் துணையாகக் கடைக்குச் சென்ற மெய்யப்பர், மக்கள் எத்தட்டை விரும்பி வாங்குகின்றனர், எதனைக் கேட்டுவிட்டுத் திருப்பித் தருகின்றனர் என்பதைக் கூர்ந்து நோக்கினார். பிறர் செய்த தட்டுகளை வாங்கி விற்பதோடு நில்லாமல், நாமே தட்டுகளை உருவாக்கினால் என்ன என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் முளைத்தது.

இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில், கௌஹர் ஜான் என்னும் பாடகியாரின் குரலோடு சிறந்து தொடங்கியது. அந்நாளில் பாடுவோர் ஊதுகொம்பு போன்ற குழாயின்முன் நின்று உரக்கப் பாடுதல் வேண்டும். 1925ஆம் ஆண்டில் ஒலிவாங்கியைக் கொண்டு பதிவு செய்யும் மின்முறை வந்தது. மெல்லிய குரலும் அதனால் தட்டில் இடம்பெற்றது. ஆயினும் தட்டின் ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே உண்டு. ஒரு மணி நேரம் விரித்துப் பாடவல்ல வித்துவான்களும் தம் கலையை அச்சிறு பொழுதிற்குள் சுருக்கித் தரவேண்டியிருந்தது.

இத்தகைய காலத்தில், 1932ஆம் ஆண்டு, மெய்யப்பர் சென்னைக்கு வந்து நண்பர்கள் சிலரோடு கூடிச் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். செர்மானிய நாட்டு ஓடியன் நிறுவனத்தோடு தொடர்பு கொண்டு, தமிழ்ப் பாடல்களையும் நாடகங்களையும் தட்டுகளில் பதிவு செய்து வெளியிட்டார். எக்குரல் மக்கள் நெஞ்சைத் தொடும் என்று ஆராயும் பயிற்சி இங்கேதான் அவருக்குக் கைவந்தது.

பேசும் படம் பிறந்தபின் அவர் கருத்து அத்துறையிலும் சென்றது. 1935ஆம் ஆண்டில் அல்லி அர்ஜுனா, ரத்னாவளி ஆகிய இரு படங்களை எடுத்தார். இரண்டும் தோல்வியுற்றன. பெரும்பொருள் இழந்தார், ஆயினும் ஊக்கம் இழந்தாரல்லர். 1938ஆம் ஆண்டில் நந்தகுமார் என்னும் படத்தை வெளியிட்டார். டி. ஆர். மகாலிங்கம் அப்படத்தில் முதன்முதலாகத் தோன்றினார். அதில் நடித்த அம்மையார் ஒருவரின் பாட்டு நிறைவளிக்காமையால், லலிதா வெங்கடராமன் என்பாரைப் பாடச் செய்து, அக்குரலை நடிப்போடு இணைத்தார். நடிப்பவர் ஒருவரும் பாடுபவர் மற்றொருவருமாக அமையும் பின்னணிப் பாடல்முறை தமிழ்ப் படவுலகில் இவ்வாறு கால்கொண்டது.

1943ஆம் ஆண்டில் கன்னடத்தில் எடுத்த அரிச்சந்திரன் கதையைத் தமிழ்க் குரல்களில் பேசச் செய்து 1944இல் வெளியிட்டார். 1945ஆம் ஆண்டில் ஸ்ரீவள்ளி எடுத்தபொழுது, கதாநாயகியின் பாடல்கள் அவர் செவிக்கு நிறைவு தரவில்லை. படம் எடுத்து முடிந்த பின்னும், பி. ஏ. பெரியநாயகியாரைக் கொண்டு அப்பாடல்களைப் பாடச் செய்து, படத்தோடு பொருத்தினார். செலவும் காலமும் மிகுதியாயின. எனினும், ஒலி செம்மையாக அமைந்தாலன்றி அவர் மனம் அமைதியுறவில்லை. படம் பெருவெற்றி பெற்றது.

அதே 1945ஆம் ஆண்டில் ஏவி.எம். நிறுவனம் தோன்றியது. போர்க்கால நெருக்கடி நீங்காத அந்நாளில் சொந்த ஊராகிய காரைக்குடியிலேயே கொட்டகை அமைத்துப் படம் எடுத்தார். நாம் இருவர் என்னும் படம் 1947இல் வெளிவந்தது. அதில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்கள், விடுதலைக் காற்று வீசிய அவ்வாண்டில் தமிழகமெங்கும் ஒலித்தன. பின்னர் அவர் படநிலையம் சென்னைக்கு இடம்பெயர்ந்தது.

பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை மெய்யப்பர் விலைகொடுத்து வாங்கியிருந்தார். வணிக முறைப்படி அது நேரிய செயலே. ஆயினும், நாட்டுக்காகப் பாடிய கவிஞரின் சொல் தனியொருவர் உடைமையாதல் தகுமோ என்னும் வினா எழுந்தது. டி. கே. எஸ். சகோதரர்களின் பில்ஹணன் படத்தில் பாரதியார் பாடல் இடம்பெற்றமை குறித்துப் பூசலும் விளைந்தது. பாரதியார் பாடல்கள் நாட்டுடைமையாதல் வேண்டும் என்று அறிஞரும் எழுத்தாளரும் குரல் எழுப்பினர். 1949ஆம் ஆண்டில் சென்னை அரசு அவ்வுரிமையைக் கேட்டபொழுது, மெய்யப்பர் ஈடாகப் பொருள் ஒன்றும் பெறாமல் அதனை அளித்தார். பின்னர் அரசு அப்பாடல்களை மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கியது. இன்று நம் பள்ளிகளில் பாரதியார் பாடல்களை யாரும் தடையின்றிப் பாடுகிறோம். அதற்கு வழிவிட்டவர்களுள் மெய்யப்பரும் ஒருவர்.

1949இல் வாழ்க்கை, 1952இல் பராசக்தி எனப் பல படங்கள் அவர் நிலையத்தின் பெயரை நாடறியச் செய்தன. வைஜயந்திமாலா, சிவாஜி கணேசன் முதலிய கலைஞர்கள் அப்படங்களின் வாயிலாகவே திரையில் அறிமுகமாயினர். உழைப்பால் உயர்ந்த மெய்யப்பர் 1979ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

கேட்கப்படாத ஒலி தட்டில் மறைந்து கிடப்பதுபோலத் திறமையும் மனிதரிடம் மறைந்து கிடக்கின்றது. கூரிய முள் ஒலியை வெளிக்கொணர்வதுபோல, கூரிய நோக்கும் தளராத முயற்சியும் திறமையை வெளிக்கொணரும். காரைக்குடிக் கடையில் தட்டு விற்ற இளைஞர் நாடறிந்த கலைத்தொழில் வல்லுநராக உயர்ந்தது இவ்வாறே. தோல்வியில் துவளாமையும், செய்வதைத் திருந்தச் செய்தலும், பொதுநலம் வேண்டியவிடத்துத் தன்னுரிமையை விட்டுக்கொடுத்தலும் அவர் வாழ்விலிருந்து நாம் கற்கவேண்டிய பாடங்களாகும்.