மகமையும் இரண்டு சதவீதமும்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் நெருங்கும்போது பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவுகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. நிதியாண்டு முடிவதற்குள் செலவிட்டாக வேண்டிய தொகை மீதம் இருக்கும். பள்ளிகளுக்கு மேசைகளும், மருத்துவமனைகளுக்குக் கருவிகளும், பேருந்து நிறுத்தங்களுக்கு நிழற்குடைகளும் அந்த அவசரத்தில் பிறக்கின்றன. பிறகு பளபளப்பான தாளில் அறிக்கை வரும். எத்தனை பேர் பயனடைந்தார்கள், எவ்வளவு செலவானது என்ற எண்கள் அதில் தவறாமல் இடம்பெறும். ஆனால், அந்தப் பணத்தால் ஓர் ஊரின் வாழ்க்கை மாறியதா என்பதை மட்டும் அதில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எண்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால், எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே எண்ணுக்கு மதிப்பு. இதைப் பற்றி நினைக்கும் போதெல்லாம், நூற்றாண்டுகளாக ஈகையைக் கணக்கிட்டு வந்த எங்கள் வறண்ட நிலப்பகுதியும், பக்கத்துச் சீமையில் பிறந்து, நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பு மறைந்த வள்ளல் அழகப்பச் செட்டியாரும் என் நினைவுக்கு வருவதுண்டு.

நான் பிறந்த பாளையம்பட்டி அருப்புக்கோட்டையை ஒட்டிய ஊர். கரிசலும் பருத்தியும் கம்பும் சோளமும், வானம் பார்த்த கண்மாய்களும் கொண்ட பூமி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களுடன் பாளையம்பட்டியும் சேர்ந்து, நாடார் வணிகர்களின் ஆறு ஊர்களாக அறியப்பட்டது. இந்த ஊர்களின் உறவின்முறை அமைப்புகள் மகமை என்ற பொதுநிதியைத் திரட்டின. வணிகர் ஒவ்வொருவரும் தம் வியாபாரத்துக்கு ஏற்பச் சிறு தொகையை இந்த நிதிக்குச் செலுத்தினர். முறை வைத்துப் பொறுப்பேற்றவர்கள் அதை வசூலித்து ஊர்க்கூட்டத்தில் கணக்கு ஒப்புவித்தனர். கோயிலும் கிணறும் பேட்டையும் பள்ளிக்கூடமும் அந்தப் பணத்தில் எழுந்தன. பின்னாளில் முதலமைச்சரான காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை இந்த மரபில் உருவானதுதான். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி திரட்டி அந்தப் பள்ளி நடந்ததை அவரது வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்துள்ளன.

மகமையை நான் பொற்காலக் கதையாக்க விரும்பவில்லை. அது முதன்மையாக ஒரு சமூகம் தன்னைத் தானே உயர்த்திக்கொள்ள அமைத்த ஏற்பாடு. அந்த வேலிக்கு வெளியே நின்றவர்களும் இருந்தார்கள். ஆனால், அதில் இரண்டு நற்பண்புகள் இருந்தன. ஒன்று, ஈகை என்பது மனம் வந்தால் தருவதாக இல்லாமல், வியாபாரக் கணக்கின் ஒரு பகுதியாகவே இருந்தது. மற்றொன்று, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே ஊரில் இருந்ததால், கிணற்றில் நீர் ஊறியதா, பள்ளியில் பாடம் நடந்ததா என்பது அனைவருக்கும் தெரிந்தது.

செட்டிநாட்டு நகரத்தார் பேரேடுகளிலும் மகமைக்கு ஒரு பக்கம் உண்டு. அந்த மரபில், 1909 ஏப்ரல் 6 அன்று கோட்டையூரில் பிறந்தவர் அழகப்பர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். கொண்டுவிற்கும் தொழிலையே பிள்ளைகளுக்கு முதலில் பழக்கிய குடும்பச் சூழலில் அது புதுமை. பிறகு லண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார். அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

தாயகம் திரும்பியவர் வழக்குரைஞர் தொழிலில் நிலைக்கவில்லை, தொழில்துறையில் இறங்கினார். கொச்சி சமஸ்தானத்தில், இன்றைய திருச்சூர் மாவட்டத்தில் அவர் நிறுவிய ஜவுளி ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் இன்றும் அழகப்பா நகர் என்றே அழைக்கப்படுகிறது. ஜூபிடர் என்ற பெயரில் விமானப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றையும் நடத்திப் பார்த்தார். லாபம் ஈட்டும் திறனும் துணிந்து இழக்கும் மனமும் அவரிடம் சேர்ந்தே இருந்தன.

1944-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க ரூ.5 லட்சம் வழங்கினார். கிண்டியில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் அந்தக் கல்லூரியில் பயின்ற வேதிப் பொறியாளர்களும் ஜவுளித் தொழில்நுட்பர்களும் உலகெங்கும் இருக்கின்றனர். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆராய்ச்சிக்காக ரூ.1 லட்சம் வழங்கினார். தமிழர் ஒருவர் தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழுக்கு இருக்கை கண்ட முயற்சிகளில் அது குறிப்பிடத்தக்கது.

1947 அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு. சென்னையில் நடந்த விழாவில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார், நாட்டில் கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். அவையில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்து, முதல் தவணையாக ரூ.1 லட்சம் அளித்தார். அடுத்த சில வாரங்களில், நாடு விடுதலை பெற்ற அதே ஆகஸ்ட் மாதத்தில், கல்லூரி திறக்கப்பட்டது. புதர் மண்டிய பொட்டல் காடு சில ஆண்டுகளில் கல்வி நகரமாயிற்று. கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பாலிடெக்னிக், பள்ளிகள் என்று அடுத்தடுத்து எழுந்தன. மகளிருக்குத் தனிக் கல்லூரி வேண்டும் என்ற நிலை வந்தபோது, தாம் குடியிருந்த மாளிகையையே அதற்குக் கொடுத்துவிட்டார்.

அவரது ஈகையின் உச்சம் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். விடுதலை பெற்ற இந்தியா தேசிய ஆய்வகங்களை நிறுவத் திட்டமிட்டபோது, அவற்றில் ஒன்று காரைக்குடிக்கு வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் ரூ.15 லட்சமும் வழங்கினார். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஆறு ஓடாத, துறைமுகம் இல்லாத, பெரிய தொழிற்சாலை ஏதும் அப்போது இல்லாத ஊருக்கு, உலோக அரிப்பையும் மின்கலங்களையும் ஆராயும் தேசிய ஆய்வகம் வந்தது.

இந்தக் காலம் முழுவதும் கடும் நோய் அவரை வாட்டியது. தொழில்களும் முன்போல் செழிக்கவில்லை. ஆனாலும் கொடை குறையவில்லை. ஆங்கிலேயர் வழங்கிய சர் பட்டத்தை விடுதலைக்குப் பின் துறந்தவருக்கு 1956-இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1957 ஏப்ரல் 5 அன்று மறைந்தார்.

ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்ட அதே 1953-இல்தான், ஹோவர்ட் போவன் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர், தொழிலதிபர்களின் சமூகப் பொறுப்புகளைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். இந்தத் துறையின் தொடக்க நூலாக அதையே கல்வியுலகம் கொள்கிறது. 1970-இல் மில்டன் ஃப்ரீட்மன், சட்டத்துக்கு உட்பட்டு லாபம் ஈட்டுவதே நிறுவனத்தின் பொறுப்பு என்று வாதிட்டார். 1979-இல் ஆர்ச்சி கரோல், பொருளாதாரம், சட்டம், அறம், மனமுவந்த ஈகை என்று பொறுப்பை நான்காகப் பிரித்தார். 1994-இல் ஜான் எல்கிங்டன், லாபத்துடன் மக்களையும் பூமியையும் சேர்த்துக் கணக்கெழுத வேண்டும் என்றார். 2000-இல் உலகளாவிய அறிக்கையிடல் நெறிமுறைகள் வந்தன. பொறுப்பு எது என்ற கேள்வி, பொறுப்பை எப்படி அளப்பது என்ற கேள்வியாக மெல்ல மாறியது.

மொரீசியஸ் 2009-இலும், இந்தியா 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின் மூலமும் அந்தப் பொறுப்புக்கு ஒரு சதவீதத்தை நிர்ணயித்தன. ரூ.500 கோடி நிகர மதிப்போ, ரூ.1,000 கோடி விற்றுமுதலோ, ரூ.5 கோடி நிகர லாபமோ உள்ள இந்திய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2021 முதல், செலவிடாத தொகையைக் குறிப்பிட்ட நிதிகளுக்கு மாற்றியாக வேண்டும். சராசரியாக ரூ.10 கோடி அல்லது அதற்கு மேல் இந்தக் கடமை உள்ள நிறுவனங்கள், ரூ.1 கோடிக்குக் குறையாத திட்டங்கள் முடிந்து ஓராண்டாவது ஆன பிறகு, சுதந்திரமான அமைப்பைக் கொண்டு அவற்றின் தாக்கத்தை மதிப்பிட வேண்டும்.

இந்த அளவுகோலை அழகப்பரின் கொடை மீது வைத்துப் பார்த்தேன். இன்றைய விதிப்படி தொடர்திட்டம் என்பது, தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளுக்குள் முடிய வேண்டும். 1948 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்ட ஆய்வகம், அந்தக் கணக்கில் 1952 மார்ச்சுக்குள் முடிந்திருக்க வேண்டும். அது திறக்கப்பட்டதோ 1953 ஜனவரியில். இன்றாக இருந்தால் காலம் கடந்த திட்டம் என்று ஏட்டில் ஏறியிருக்கும். திறந்து ஓராண்டு கழித்து மதிப்பீட்டாளர் வந்திருந்தால், பொட்டலில் ஒரு கட்டடத்தையும் சில அறிவியலாளர்களையும் கண்டிருப்பார். பயனாளிகள் எத்தனை பேர் என்ற கட்டத்தில் எழுத அவருக்கு எண் கிடைத்திருக்காது. எழுபது ஆண்டுகளாக அங்கிருந்து வெளிவந்த ஆய்வுகளும், கல்லூரிகளில் படித்துக் குடும்பத்தின் முதல் பட்டதாரியானவர்களின் தலைமுறைகளும், அந்த வளாகத்திலிருந்து 1985-இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகமும் எந்த ஓராண்டு அறிக்கையிலும் அடங்குபவை அல்ல.

எனினும், சட்டத்தின் பக்கமும் நியாயம் உண்டு. தனிமனிதரின் ஈகை அந்த மனிதரின் ஆயுளையும் அவரது தொழிலின் ஆயுளையும் நம்பி நிற்கிறது. அழகப்பரின் கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் பின்னாளில் அரசுக் கல்லூரிகளாயின. திருச்சூர் ஆலை தேசிய ஜவுளிக் கழகத்தின் கைக்குச் சென்றது. அரசு தாங்கிப் பிடித்திராவிட்டால் அந்தக் கொடைகளில் சில என்னவாகியிருக்கும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. எல்லா ஊருக்கும் ஓர் அழகப்பர் கிடைப்பதும் இல்லை. வள்ளல் வாய்க்காத ஊருக்கும் உரிமை உண்டு என்பதுதான் கட்டாயச் சட்டத்தின் அடிப்படை.

ஆனால், அந்த உரிமை எங்கள் வறண்ட நிலத்துக்கு எவ்வளவு வந்து சேர்கிறது? விருதுநகர், ராமநாதபுரம் ஆகிய இரு மாவட்டங்களும் 2018-இல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் இடம்பெற்றவை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் உள்ள நெசவுக் கூடங்களும் சிறு ஆலைகளும் பெரும்பாலும் சட்டம் குறிப்பிடும் வரம்பை எட்டுவதில்லை. சட்டமோ, நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. பெருநிறுவனங்களும் அவற்றின் லாபமும் பெருநகரங்களைச் சுற்றியே இருப்பதால், நிதியும் தொழில் வளம் மிக்க மாநிலங்களிலும் மாவட்டங்களிலுமே குவிகிறது. இருக்கும் இடத்துக்கே மேலும் போய்ச் சேரும் ஈகையாக இது ஆகிவிடுகிறது. அழகப்பரின் பணமோ கொச்சியில் நெய்த துணியிலிருந்து வந்து காரைக்குடிப் பொட்டலில் இறங்கியது. லாபம் கிடைத்த இடத்தை மட்டும் பார்க்காமல், தேவை இருந்த இடத்தை அவர் பார்த்தார்.

மூன்று மாற்றங்களை முன்வைக்கிறேன். முதலாவது, பெரிய திட்டங்களுக்கு ஓராண்டு மதிப்பீட்டோடு நில்லாமல் ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் மதிப்பீடு வேண்டும். கட்டிய கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தூர்வாரிய கண்மாய் பெருகியதா என்பது அப்போதுதான் தெரியும். இரண்டாவது, மதிப்பீட்டு அறிக்கை இணையதளத்தில் மட்டும் கிடக்காமல் கிராம சபையில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். மகமைக் கணக்கு ஊரார் முன் ஒப்புவிக்கப்பட்டது போல, நிறுவனக் கணக்கும் பயன்பெற்றதாகச் சொல்லப்படும் மக்கள் முன் ஒப்புவிக்கப்படட்டும். மூன்றாவது, நிறுவனங்கள் கூட்டாகச் செயல்பட விதிகளிலேயே இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, நிதியில் ஒரு பங்கைப் பின்தங்கிய மாவட்டங்களுக்கான பொதுநிதியாகத் திரட்டலாம். சட்ட வரம்புக்குள் வராத உள்ளூர் ஆலைகளும் விரும்பினால் அதில் சேரலாம். பெயர் வேறானாலும் அது மகமைதான்.

கொடுத்தது எவ்வளவு என்பதோடு, ஈட்டியது எப்படி என்பதும் பொறுப்பின் பகுதியே. தொழிலாளிக்கு நியாயமான கூலி தராமல், நிலத்தடி நீரைக் கெடுத்துவிட்டுப் பள்ளிக்கு மேசை வாங்கித் தருவது ஈகைக் கணக்கில் சேராது. பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் ஊதியம், பாதுகாப்பு, நீர்ப் பயன்பாடு ஆகிய விவரங்களையும் 2022-23 நிதியாண்டு முதல் வெளியிட வேண்டும் என்று செபி விதித்திருப்பது சரியான திசையில் ஓர் அடி. அடுத்த அடி, அந்த விவரங்களை ஆலை இருக்கும் ஊரின் மக்கள் படித்துக் கேள்வி கேட்கும் நிலையை உருவாக்குவது.

இரண்டு சதவீதம் என்பது சட்டம் விதித்த குறைந்த அளவு. அதை எட்டியதுமே பொறுப்பு முடிந்ததாக நிறுவனங்கள் கருதினால், அளவுகோலே எல்லையாகிவிடும். தம் வீட்டையே கல்லூரிக்குக் கொடுத்தவர் எந்தச் சதவீதத்தையும் கணக்கிடவில்லை. அவரைப் போல் கொடுக்கும்படி யாரையும் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது; கூடாது. ஆனால், தேவை எங்கே இருக்கிறது என்று அவர் பார்த்த பார்வையை விதியாக எழுத முடியும். திருச்சுழிச் சீமையின் பிள்ளைகள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).