உங்க போனுக்குள்ள ஒரு செக்போஸ்ட்... யோசிச்சவர் டென்னிஸ் ரிட்சி!

ஆனைமலை பக்கம் டாப்சிலிப் போயிருக்கீங்களா? சேத்துமடை செக்போஸ்ட்டைத் தாண்டினாலும் காட்டுக்குள்ள இஷ்டத்துக்கு நடக்க முடியாது. வனத்துறை வண்டியில ஏறினா, அது போற பாதை வரைக்கும் உங்களுக்கும் அனுமதி. இதே மாதிரி ஓர் ஏற்பாட்டை கம்ப்யூட்டருக்குள்ள கொண்டுவந்தவர் டென்னிஸ் ரிட்சி.

1941-ல் அமெரிக்காவில் பிறந்தவர். அப்பா வேலை பார்த்த பெல் ஆய்வகத்திலேயே 1967-ல் சேர்ந்தார். கென் தாம்சனோடு யூனிக்ஸ் உருவாக்கினார். 'சி' மொழியும் இவர் தந்ததுதான்.

ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்திய காலம் அது. பாஸ்வேர்டு ஃபைலை எல்லாரும் திருத்தலாம்னா ஆபத்து. யாருமே தொடக்கூடாதுன்னா, உங்க பாஸ்வேர்டை நீங்களே மாத்த முடியாது. ரிட்சி ஃபைலைத் திறந்துவிடலை. அதைத் திருத்தும் புரோகிராமுக்கு ஒரே ஒரு 'பிட்' அடையாளம் வெச்சார். நீங்க இயக்கினாலும் அது தன் உரிமையாளரோட அதிகாரத்துல ஓடும். முடிஞ்சதும் அதிகாரம் காலி! குழுக்களுக்கும் இதே வழிதான். பழைய யூனிக்ஸ் கேம்கள் ஹை ஸ்கோரை இப்படித்தான் காப்பாத்துச்சு. (இல்லைன்னா நாமளே ஏத்திக்க மாட்டோமா?) ஆனா, அந்த புரோகிராம்ல ஓட்டை இருந்தா, ஹேக்கருக்கும் அதே அதிகாரம் கிடைச்சுடும்.

1979-ல் கிடைச்ச இதற்கான காப்புரிமை, பிறகு பொதுவுக்கே விடப்பட்டது. இன்னைக்கு உங்க ஆண்ட்ராய்டுல ஒவ்வொரு ஆப்புக்கும் தனி யூசர் எண். நெட் அனுமதி வாங்கின ஆப்புக்குத் தனிக் குழு. எல்லாம் யூனிக்ஸ் வழிதான். ஐபோனும் அதே வம்சம்.

2011 அக்டோபர் 5-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்தப்போ உலகமே பேசுச்சு. ஒரு வாரம் கழிச்சு, தனியா வாழ்ந்த ரிட்சி நியூஜெர்சி வீட்டில் இறந்துகிடந்தார். பெரும்பாலானவங்களுக்கு அந்தச் செய்தியே போய்ச் சேரலை.