சிந்தாமணி இரகுநாதாச்சாரியார்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ஆம் ஆண்டில் வானாய்வுக்கூடம் ஒன்று நிறுவப்பெற்றது. அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கின்றது. அக்கூடத்தில் இளமையிலேயே பணிக்குச் சேர்ந்து, உழைப்பினால் முதல் உதவியாளராக உயர்ந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். கூடத்தின் தலைவராயிருந்த போக்சன் துரை 1861-இல் ஆசியா என்னும் சிறுகோளை அங்கிருந்தே கண்டறிந்தார். ஆச்சாரியார் தொலைநோக்கியின்முன் இரவெல்லாம் விழித்திருந்து விண்மீன்களின் நிலையை அளந்து குறித்தார். ஒளி பெருகியும் சுருங்கியும் தோன்றும் விண்மீன் ஒன்றை 1867-இல் கண்டுபிடித்தார். இலண்டன் அரச வானியல் கழகம் 1872-இல் அவரை உறுப்பினராக ஏற்றது. அப்பெருமையை முதலில் எய்திய இந்தியர் அவரே.

ஆயினும், அவர் உள்ளத்தை வருத்திய குறை ஒன்று இருந்தது. பஞ்சாங்கத்தில் எழுதிய நேரம் ஒன்றாகவும், வானில் நிகழும் நேரம் வேறொன்றாகவும் இருந்தன. நோன்பும் திதியும் அதனை நம்பியன்றோ நடைபெறுகின்றன! கண்ணாற் கண்ட நிலைக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தித் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அவர் வெளியிட்டார். பழைய கணக்கைத் தொடுதல் தகாது என்று எதிர்த்தோர் பலர். முன்னோரும் வானத்தை நோக்கியே கணக்கு வகுத்தனர் என்பதை அவர்கள் எண்ணவில்லை.

1874 டிசம்பர் 9-ஆம் நாள் அரியதொரு காட்சி நிகழவிருந்தது. சூரியனைச் சுற்றும் கோள்களுள் புதனும் வெள்ளியுமே பூமியின் பாதைக்கு உள்ளே இயங்குவன. ஆதலின், அவை இரண்டுமே சூரியனுக்கும் நமக்கும் நடுவே வரவல்லன. வெள்ளியின் பாதை சற்றே சாய்ந்திருத்தலால், அது பெரும்பாலும் சூரிய வட்டத்திற்கு மேலாகவோ கீழாகவோ விலகிச் செல்லும். குறுக்கே செல்வது மிக அரிது. 1769-க்குப் பின் 105 ஆண்டுகள் கழித்தே அது மீண்டும் நிகழவிருந்தது. சூரியன்மீது ஊரும் அக்கரும்புள்ளியைத் தொலைவான இடங்களிலிருந்து நோக்கி ஒப்பிட்டால், பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தொலைவு புலப்படும். அத்தொலைவு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் என்பதை இன்று அறிவோம்.

உலகெங்கும் அறிஞர் கருவிகளோடு ஆயத்தமாயினர். ஆச்சாரியாரோ, நம் மக்கள் அதனைக் கண்டு அஞ்சாது அறிந்து மகிழவேண்டும் எனக் கருதினார். ஒருவர் வினவ மற்றவர் விளக்கும் உரையாடலாகச் சிறுநூல் ஒன்று எழுதி, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளியிட்டார்.

1880 பிப்ரவரியில் அவர் மறைந்தார். 1882-இல் வெள்ளி மீண்டும் சூரியனைக் கடந்தபோது இந்தியாவில் அது இரவுப்பொழுது. தமிழகத்தார் அக்காட்சியைக் காண 2004 ஜூன் 8 வரை காத்திருக்க நேர்ந்தது.