முன்ஷி அப்துல்லா: கற்றதைப் பூட்டி வைக்காதவர்

சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் மலாக்காவிலும் முன்ஷி அப்துல்லா பெயரில் சாலைகள் இருக்கின்றன. அவ்வழியே போய்வரும் நம்மில் பலருக்கு, அவர் நாகூர் வழிவந்தவர் என்பது தெரியாது.

அவருடைய பாட்டனாரின் தகப்பனார் ஏமனிலிருந்து நாகூர் வந்தவர். மார்க்கக் கல்வியும் மொழியும் கற்பித்து, அங்கேயே தமிழ்ப் பெண்ணை மணந்தார். அவர் மகன்களில் ஒருவர் மலாக்காவில் குடியேறினார். அந்தக் குடும்பத்தில் 1796ஆம் ஆண்டு அப்துல்லா பிறந்தார்.

அப்போது மலாக்காவில் தமிழ் வியாபாரிகள் நிறைந்திருந்தார்கள். அதனால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கணக்கு எழுதத் தமிழ் படிப்பது வழக்கம். அப்துல்லாவும் இரண்டரை ஆண்டு தமிழ் படித்தார். தகப்பனார் அப்துல் காதர் வியாபாரத்தோடு, மலாய் மொழியில் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுப்பவர். ஒருநாள் அவர் வீட்டில் இல்லாதபோது ஒரு நகுதா கடன் பத்திரம் எழுத வந்தார். மகனே எழுதிக் கொடுத்தார். அதைக் கண்ட தகப்பனார், அன்று முதல் அந்த வேலையை மகனிடமே விட்டுவிட்டார்.

மலாக்காக் கோட்டையில் இருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்கு அவர் சிறு வயதிலேயே குர்ஆன் எழுதிக் கொடுத்தார், ஓதவும் கற்பித்தார். ஆசிரியர் என்று பொருள்படும் முன்ஷி என்ற பட்டம் அவர்கள் கொடுத்ததுதான்.

பிறகு ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்தார். சிங்கப்பூர் வந்து அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் மலாய் கற்பித்தார். பாதிரிமார்களுக்கும் கற்பித்து, அவர்களிடம் அச்சுத் தொழிலைக் கற்றுக்கொண்டார். இதனால் சொந்த மக்களே அவரைச் சந்தேகித்து, பாதிரி அப்துல்லா என்று கேலி பேசினார்கள். அவர் ஈமானையும் விடவில்லை, கற்பிப்பதையும் நிறுத்தவில்லை. தாய்மொழிதானே என்று மலாய்க்காரர்கள் மலாயை முறையாகப் படிக்காமல் விடுவது அவருக்குப் பெரிய மனக்குறை.

1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தார். கணக்குக்காகப் படித்த தமிழ் இப்படி மலாய்ப் பிள்ளைகளுக்கும் பயன்பட்டது. தம் வாழ்க்கையை அவர் எழுதிய ‘ஹிகாயத் அப்துல்லா’ 1849இல் அச்சாகியது. 1854இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர், அந்தப் பயணத்திலேயே வஃபாத்தானார்.

அவர் செல்வந்தர் அல்ல. கற்பித்துக் கிடைத்த கூலியில்தான் குடும்பம் நடத்தினார். ஆனால் கற்றுக் கொடுத்தால் தம் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சவில்லை. நானும் ஒரு வியாபாரி. கொள்முதல் விலை, சரக்கு வரும் இடம் என்று தொழில் நுணுக்கத்தை மறைத்து வைப்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் புதிதாகக் கடை வைக்கும் ஒரு தம்பிக்குக் கணக்குப் புத்தகம் எழுதக் காட்டிக் கொடுத்தால் என் கல்லாவில் என்ன குறைந்துவிடும்? ஐம்பது ஆண்டு கண்ட நம் சங்கத்தில் தச்சரும் தாதியும் ஆசிரியரும் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம், தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்போம்.

அல்லாஹ் அந்தப் பெரியவரின் மறுமையைச் சிறப்பாக்குவானாக. ஆமீன்.