படர்தாமரையின் பகைவர் டேவிட் க்ரூபி

அமீர்பேட்டில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் தமிழ் மாணவர்கள் பலர். பகலில் கல்லூரி, மாலையில் பயிற்சி வகுப்பு, இரவில் மாடியறை என்று கழியும் அந்த வாழ்வில் துணைக்கு ஓர் உயிர் இருந்தால் நன்றாயிருக்குமே என்று எண்ணி, நம் நண்பர் ஒருவர் கினிப்பன்றி ஒன்றை வாங்கி வந்தார். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அது கினி நாட்டிலிருந்து வந்ததுமன்று, பன்றியுமன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டு மக்கள் வீட்டில் வளர்த்துப் பழக்கிய, கொறித்துத் தின்னும் சிறு பிராணி அது.

வந்த மூன்றாம் வாரம் அதன் மூக்கருகே மயிர் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் தவிடு போல் செதில் படிந்தது. நண்பர் கலங்கவில்லை. அறைத் தோழர் தம் படைக்குத் தடவி வந்த களிம்பு அலமாரியில் இருந்தது. அதையே எடுத்துத் தடவினார். இரண்டு நாள் சிவப்பு அடங்கியது. பின்னர்க் கண்ணைச் சுற்றியும் காதோரத்திலும் பரவியது. அடுத்த வாரம் நண்பரின் முன்கையிலேயே வட்டமாக ஒரு படை எழுந்தது.

அறையில் கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. உடற்சூடு என்றார் ஒருவர். ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் இன்னொருவர். புழு அரிக்கிறது என்று உறுதியாகச் சொன்னவரும் உண்டு. இந்த வழக்கு 1840-களிலேயே தீர்ப்பாகிவிட்ட வழக்கு என்பதையும், தீர்ப்பு எழுதியவர் யார் என்பதையும் அறிந்தவர் அங்கு எவருமிலர். அவர் வரலாற்றைச் சொல்லவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

அமீர்பேட்டுக்கு அண்டையிலுள்ள பேகம்பேட்டில் பழைய கட்டடம் ஒன்றைக் காணலாம். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் கண்டது இந்தச் செகந்தராபாத் வட்டாரத்தில்தான். ராஸை உலகம் அறியும். நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது. அதே ஆகஸ்டு 20-ஆம் நாளில், 1810-ஆம் ஆண்டு, அன்றைய ஹங்கேரி நாட்டின் கிஷ்கேர் என்ற சிற்றூரில் பிறந்தவர் டேவிட் க்ரூபி. ராஸுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, கண்ணுக்குத் தெரியாத உயிரொன்று மனிதனுக்கு நோய் தருகிறது என்று உருப்பெருக்கியின் வழியே கண்டு காட்டியவர். அவரை அறிந்தவர் சிலரே.

க்ரூபி ஏழை யூதக் குடும்பத்தின் பிள்ளை. கல்வியின் கதவு யூதச் சிறுவர்களுக்கு எளிதில் திறவாத காலம் அது. பெஸ்ட் நகரில் பள்ளிக்கூடத்தின் வாயிலுக்கு வெளியே நின்று, உள்ளே நடக்கும் பாடத்தைக் காதால் கேட்டே கற்றார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. பின்னர் வியன்னா சென்றார்; 1839-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நாளில் பெரிய மருத்துவர்கள் பலர் உருப்பெருக்கியை விளையாட்டுப் பொருளாக எண்ணியிருந்தார்கள். க்ரூபியோ சீழையும் சளியையும் அதன் அடியில் வைத்து இரவு பகலாக நோக்கினார். திறமையைக் கண்டு பதவி தர முன்வந்தார்கள். ஆனால் மதம் மாற வேண்டும் என்பது நிபந்தனை. க்ரூபி மாறவில்லை. பதவியை விட்டார், வியன்னாவையும் விட்டார், பாரிஸ் நகரம் வந்து சேர்ந்தார்.

பாரிஸில் அவருக்குப் பதவியுமில்லை, பட்டயமுமில்லை. உருப்பெருக்கியைக் கையாளும் முறையைத் தனி வகுப்பாக நடத்திப் பிழைத்தார். மஜந்தி, கிளாட் பெர்னார் போன்ற பேரறிஞர்களே அவரிடம் வந்து பாடம் கேட்டார்கள் என்றால் அவர் கைத்திறனை எண்ணிப் பாருங்கள்.

அக்காலத்துப் பாரிஸில் ஏழைக் குழந்தைகளை வாட்டிய கொடிய நோய் தலைப்படை. தலையில் தேன்கூடு போல் மஞ்சள் பொருக்குக் கட்டி, நாற்றமெடுத்து, மயிர் உதிரும். அந்தக் குழந்தைகளைப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளாது. மருத்துவம் என்ன தெரியுமா? கீல் பூசிய குல்லாயைத் தலையில் அழுத்தி ஒட்டி, காய்ந்த பின் மயிரோடும் தோலோடும் பிய்த்தெடுப்பது! கெட்ட நீர், கெட்ட இரத்தம், பரம்பரைத் தோஷம் என்று நோய்க்குக் காரணங்கள் அடுக்கினார்கள். ஆனால் அந்தப் பொருக்கில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பெரும்பாலோர்க்குத் தோன்றவில்லை.

க்ரூபிக்குத் தோன்றியது. பார்த்தார். கிளை கிளையாய்ப் பிரியும் நூல்களும் மணி மணியான வித்துகளும் தெரிந்தன. அது புழுவன்று, கெட்ட நீருமன்று. ஊறுகாய்ப் பானையிலும் ஈரச் சுவரிலும் படர்கிறதே, அந்தப் பூஞ்சணத்தின் இனம். 1835-இல் இத்தாலியில் பாஸி என்பவர் பட்டுப்புழுவின் நோய்க்குப் பூஞ்சணமே காரணம் என்று காட்டியிருந்தார். 1839-இல் ஜெர்மானிய மருத்துவர் ஷோன்லைன் தலைப்படைப் பொருக்கில் பூஞ்சணத்தைக் கண்டு சிறு குறிப்பு எழுதியிருந்தார். அதை அறியாமலே 1841-இல் க்ரூபி தம் கண்டுபிடிப்பைப் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார். கண்டதோடு நிற்கவில்லை. அந்தப் பூஞ்சணத்தை நல்ல தோலில் இட்டு, அதே நோய் தோன்றுவதையும் காட்டினார். கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று காக் என்ற பேரறிஞர் 1876-இல் நிலைநாட்டுவதற்கு 35 ஆண்டுகளுக்கு முன் நடந்த செய்தி இது.

அடுத்த மூன்றாண்டுகளும் அவர் வாழ்வின் அறுவடைக் காலம். 1842-இல் ஆடவரின் தாடியில் வரும் படையை ஆராய்ந்து, மயிரின் வெளிப்புறத்தை உறை போல் சூழும் பூஞ்சணத்தைக் கண்டார். அதே ஆண்டு, கைக்குழந்தைகளின் வாயில் வெள்ளையாகப் படியும் மாவுப் படலமும் பூஞ்சணமே என்று காட்டினார். 1843-இல் தலைப்படையின் வேறொரு வகையைக் கண்டு, மறைந்த இயற்கை நூலறிஞர் ஓதுவானின் பெயரை அதற்கு வைத்தார். 1844-இல் மயிரின் உள்ளேயே குடியிருக்கும் வகையைக் கண்டார். மயிருக்கு வெளியே வாழ்வது, உள்ளே வாழ்வது என்ற அவருடைய பாகுபாட்டை இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள்.

மனித மருத்துவம் வேறு, கால்நடை மருத்துவம் வேறு என்று அவர் வேலி கட்டவில்லை. தவளையின் இரத்தத்தில் திருகாணி போல் சுழலும் நுண்ணுயிரைக் கண்டு டிரிப்பனோசோமா என்று 1843-இல் பெயரிட்டவர் அவரே. கால்நடை மருத்துவர் தெலஃபோனோடு சேர்ந்து நாயின் இரத்தத்தில் நெளியும் நுண்புழுக்களைக் கண்டவரும் அவரே.

இவ்வளவும் செய்தவரைப் பாரிஸ் எவ்வாறு போற்றியது? போற்றவில்லை. தோல் மருத்துவத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த கசெனாவ் போன்றோர் பூஞ்சணக் கொள்கையையே ஏற்க மறுத்தார்கள். க்ரூபியின் பக்கத்திலும் ஒரு பிழை இருந்தது. அதை மறைத்தல் முறையன்று. 1843-இல் தாம் கண்ட தலைப்படைக்கு, நம் ஊரில் புழுவெட்டு என்கிறோமே, அந்த வழுவழுப்பான சொட்டை நோயின் பெயரைச் சூட்டிவிட்டார். பின் வந்தவர்கள் உண்மையான புழுவெட்டில் பூஞ்சணத்தைத் தேடினார்கள். அதில் பூஞ்சணம் ஏது? கிடைக்கவில்லை. க்ரூபி கண்டதெல்லாம் கற்பனை என்று ஒதுக்கினார்கள். கண் பிழை செய்யவில்லை. பெயர் பிழை செய்தது. அந்த ஒரு பெயரால் ஓர் உண்மை ஐம்பது ஆண்டு உறங்கியது.

க்ரூபி வழக்காடவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளை நிறுத்திக்கொண்டு மருத்துவத் தொழிலில் இறங்கினார். இசைமேதை ஷோப்பான், நாவலாசிரியர் ஜார்ஜ் சாண்ட், கவிஞர் ஹைனே, தூமா என்று பாரிஸின் புகழ் மாலையே அவரிடம் நோயாளிகளாக வந்து நின்றது. அவர் மருத்துவம் விசித்திரமானது. உறக்கமில்லாத தூமாவை ஆப்பிள் பழங்களை எடுத்துக்கொண்டு நகரின் வெவ்வேறு இடங்களுக்கு நடந்து சென்று, ஓரோர் இடத்தில் ஒவ்வொன்றாய்த் தின்னச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. சிரிக்கத் தோன்றுகிறது. நடைக்குப் பின் உறக்கம் வரும் என்பதை அறிந்தவர் அவர் என்று எண்ணினால் சிரிப்பு அடங்கும். மோன்மார்த்ர் குன்றில் தம் செலவில் வான்நோக்கு நிலையம் கட்டினார். 1870-71 முற்றுகையின்போது காயமுற்றோர்க்கு உழைத்தார்.

முதுமையில் தனிமை அவரைச் சூழ்ந்தது. 1898 நவம்பரில், 88-ஆம் வயதில், பூட்டிய அறைக்குள் இறந்து கிடந்தார். கதவை உடைத்தே உள்ளே செல்ல வேண்டியிருந்தது.

ஆனால் அறிவு இறப்பதில்லை. க்ரூபியின் கடைசி ஆண்டுகளில் சபூரோ என்ற இளைஞர் பாரிஸில் தோன்றினார். 1892 முதல் தலைப்படையை ஆராய்ந்தவர், பழைய கட்டுரைகளைப் புரட்டினார். தாம் காண்பதையெல்லாம் கிழவர் முன்பே கண்டிருக்கிறார் என்று உணர்ந்து, அவருக்குரிய பெருமையை அவருக்கே தந்தார். பூஞ்சணம் வளர்க்கச் சபூரோ அமைத்த கூழ்தான் இன்றும் ஆய்வுக்கூடங்களில் அவர் பெயரால் வழங்குகிறது.

காரணம் தெரிந்தும் மருந்து கிடைக்க நெடுநாள் ஆயிற்று. எக்ஸ் கதிரால் மயிரை உதிர்த்துப் பார்த்தார்கள். அதனால் நேர்ந்த தீங்கு பின்னர்ப் புலப்பட்டது. 1939-இல் ஒரு பூஞ்சணத்திலிருந்தே கிரிசியோஃபுல்வின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அதை வாய்வழி கொடுத்தால் படை மாறும் என்பதை 1958-இல் கிளாஸ்கோவில் ஜென்டில்ஸ் என்பவர் காட்டினார். எந்தப் பிராணியில் சோதித்தார்? நம் நண்பர் வளர்க்கும் அதே கினிப்பன்றியில்! மனிதக் குழந்தைகளின் தலையைக் காத்த மருந்து, இந்தச் சிறு பிராணியின் தோலில் முதலில் தேறியது. அதற்கு நாம் பட்ட கடன் பெரிது.

அந்தக் கடனை நண்பர் எப்படித் தீர்த்தார்? கடைசியில் கால்நடை மருத்துவரிடம் போனார். மருத்துவர் க்ரூபி செய்ததையே செய்தார். படையின் ஓரத்திலிருந்து சில மயிர்களைப் பிடுங்கி உருப்பெருக்கியில் பார்த்தார். சிலவற்றைச் சபூரோ கூழில் வளர்க்க அனுப்பினார். கினிப்பன்றிக்கு வருவது பெரும்பாலும் க்ரூபி தாடியில் கண்ட பூஞ்சணத்தின் கூட்டத்தைச் சேர்ந்தது. புற ஊதா விளக்கில் அது ஒளிர்வதில்லை; ஆகவே விளக்கில் தெரியவில்லை என்று நோயில்லை எனக் கொள்ளலாகாது. சொறிப் பூச்சியும் இதே போல் மயிரை உதிர்க்கும் என்பதால் பார்த்து முடிவு செய்வதே முறை.

அலமாரிக் களிம்பில் இருந்தது என்ன? பூஞ்சண மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு சிவப்பை மறைக்கும். உடலின் எதிர்ப்பையும் ஒடுக்கும். பூஞ்சணமோ உள்ளே செழிக்கும். இத்தகைய கலவைகளை மனம்போனபடி தடவும் பழக்கத்தோடுதான், மருந்துக்கு அடங்காத படை நம் நாட்டில் பெருகியது. 2020-இல் ஒரு வகைப் பூஞ்சணத்துக்கு இந்தோடினியே என்று நம் நாட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். இது நாம் பெருமைப்படத்தக்க பெயரன்று.

மருத்துவர் மைக்கோனசோல் களிம்பும், எடைக்கேற்ற அளவில் இட்ராகோனசோலும் எழுதித் தந்தார். மயிர் முளைத்துவிட்டது என்று நடுவில் நிறுத்தாமல் வாரக் கணக்கில் கொடுக்கச் சொன்னார். கூண்டை நாள்தோறும் துடைத்து, விரிப்பை மாற்றி, வித்துகள் ஒளியும் மரச் சாமான்களை அகற்றச் செய்தார். தொடும்போது கையுறை அணிதல், தொட்ட பின் சோப்பால் கழுவுதல், பிற பிராணிகளைப் பிரித்து வைத்தல் ஆகியவை அவர் இட்ட விதிகள். இரண்டு செய்திகளை அழுத்திச் சொன்னார். கினிப்பன்றியின் உடல் நம் உடலைப் போலவே வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்ளாது. குடமிளகாய் போன்ற பச்சைக் காய்கள் நாள்தோறும் வேண்டும். மற்றொன்று, பெனிசிலின், அமாக்சிசிலின் போன்றவற்றை நாமாக வாய்வழி கொடுத்தால் குடல் கெட்டு இறந்தே போகலாம். நண்பர் தம் முன்கையைத் தோல் மருத்துவரிடம் காட்டிக்கொண்டார். ஏழாம் வாரத்தில் கினிப்பன்றியின் மூக்கில் புது மயிர் அடர்ந்திருந்தது. கூழிலும் பூஞ்சணம் முளைக்கவில்லை.

நண்பர்களே! ஊரை விட்டு வந்து, மொழி வேறான நகரில் அறையெடுத்துப் படிக்கும் நமக்கு க்ரூபி அயலாரல்லர். அவரும் ஊரை விட்டு வந்தவர். வாயிலுக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர். பெரியோர் சொன்னதைச் சொல்லிக்கொண்டிராமல் ஒரு மயிரைப் பிடுங்கி அடியில் வைத்துப் பார்த்தார். அலமாரியில் கை போகும் முன் அவரை நினைத்துக்கொள்வோம்.