வெள்ளிக்கிழமை வீணை

ரியாத்தில் இருக்கும் பத்தா உனக்குத் தெரியும்தானே? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவோடு அங்கே போனால் நடக்கவே இடம் இருக்காது. வாரம் முழுக்க வேலை செய்தவர்கள் அன்றுதான் ஊர்க்காரர்களைப் பார்க்க வருவார்கள். தமிழ், மலையாளம், வங்காளம், உருது என்று எத்தனையோ மொழிகள் காதில் விழும். ஒரே சத்தம்!

சுமார் நூறு வருடங்களுக்கு முன்னால் சென்னையில் ஒரு வீட்டிலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்கள் கூடினார்கள். ஆனால் அங்கே யாரும் பேச மாட்டார்கள். பெரிய பெரிய வித்துவான்கள்கூட வாயை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஏன் தெரியுமா? அந்த வீட்டு அம்மா வீணை வாசிப்பார். வீணையின் சத்தம் ரொம்ப மெல்லியது. ஒலிபெருக்கியும் கிடையாது. யாராவது பேசினால் இசை காதில் விழாது.

அந்த அம்மாவின் பெயர் தனம்மாள். எல்லாரும் அவரை வீணை தனம்மாள் என்றுதான் சொல்வார்கள்.

தனம்மாள் 1867-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். அவர் குடும்பத்தில் பெண்கள்தான் இசையும் நடனமும் கற்று, அதையே தொழிலாகச் செய்தார்கள். பாட்டி காமாட்சி நடனம் ஆடுவார். அம்மா பாடுவார். அதனால் தனம்மாளுக்கு வீட்டிலேயே பாடம் தொடங்கிவிட்டது. பிறகு சாத்தனூர் பஞ்சநத ஐயர், பால்தாஸ் நாயுடு ஆகியோரிடமும் பாட்டுகள் கற்றார்.

சரி, வீணையை எப்படி வாசிப்பது? இப்போ உன் கைகளைப் பார். வீணையில் ஏழு தந்திகள் இருக்கும். நாலு தந்திகளில் பாட்டு வாசிக்கலாம். பக்கத்தில் இருக்கும் மூன்று தந்திகள் தாளத்துக்கு. வலது கையின் ஆள்காட்டி விரலும் நடு விரலும் மாறி மாறிப் பாட்டுத் தந்தியை மீட்டும். சுண்டு விரல் தாளத் தந்தியைத் தட்டும். இடது கை என்ன செய்யும்? மெழுகில் பதித்த 24 மெட்டுகளின் மேல் தந்தியை அழுத்தும். சில நேரம் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும். அப்போ ஒரே மெட்டில் இரண்டு மூன்று ஸ்வரங்கள் வழுக்கிக்கொண்டு வரும். அதுதான் கமகம்.

கேட்க சுலபமா இருக்கா? முதல் நாள் அப்படி இருக்காது. ஆள்காட்டி விரல் மீட்ட வேண்டிய இடத்தில் நடு விரல் முந்திக்கொள்ளும். சுண்டு விரல் தாளத்தை மறந்துவிடும். இடது கை விரல் நுனியில் தந்தி கோடு போடும். வலிக்கும். அதனால்தான் வீணை கற்பவர்கள் ஸரிகமபதநி என்ற ஏழு ஸ்வரங்களை வைத்துச் சரளி வரிசையில் தொடங்குகிறார்கள். முதலில் மெதுவாக. கை பழகிய பிறகு இரண்டாம் காலம். அப்புறம்தான் மூன்றாம் காலம். அவசரப்பட்டால் விரல்கள் சிக்கிக்கொள்ளும்.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். இங்கே அரபு நாட்டில் ஊத் வாசிப்பவர்கள் ரீஷா என்ற ஒரு துண்டைக் கையில் பிடித்துத் தந்தியை மீட்டுவார்கள். ரீஷா என்றால் அரபியில் இறகு. அமெரிக்காவில் பாஞ்சோ வாசிப்பவர்கள் பலர் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றிலும் உறை மாட்டி, ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிக்கொண்டே போவார்கள். அவர்களும் முதலில் மெதுவாகத்தான் பழகுவார்கள்.

வீணையிலும் சிலர் விரலில் கம்பி வளையம் மாட்டிக்கொள்வார்கள். சத்தம் பலமாக வரும். தனம்மாள் அதை மாட்டவில்லை. வெறும் நகத்தால் மீட்டினார். சத்தம் சின்னதாக இருந்தது, ஆனால் இனிமையாக இருந்தது. வாசித்துக்கொண்டே மெல்லிய குரலில் பாடவும் செய்வார். ரொம்ப வேகமாக வாசித்து ஆச்சரியப்படுத்த அவர் ஆசைப்படவில்லை. நிதானமாக, ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாகக் கேட்கும்படி வாசித்தார்.

தனம் என்றால் செல்வம். ஆனால் தனம்மாளின் வாழ்க்கையில் பணக் கஷ்டம் வந்தது. அதைவிடப் பெரிய கஷ்டமும் வந்தது. வயதான காலத்தில் அவருக்குக் கண் பார்வை போய்விட்டது. இனி மெட்டுகளைப் பார்க்க முடியாது, தந்தியையும் பார்க்க முடியாது. வீணையை மூலையில் வைத்துவிட்டாரா? இல்லை! எந்த மெட்டு எங்கே இருக்கிறது என்று அவர் விரல்களுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து பழகிய விரல்கள் அல்லவா? கண் தெரியாமலே வாசித்தார்.

1938-ல் தனம்மாள் இறந்தார். அப்போ அவருடைய பாட்டுகள் என்ன ஆயின? அவற்றை வீட்டுக் குழந்தைகள் பெரியவர்களிடம் காதால் கேட்டே கற்றிருந்தார்கள். பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் புகழ்பெற்ற பாடகிகள் ஆனார்கள். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி பரதநாட்டியத்தில் உலகப் புகழ் பெற்றார். பேரன்கள் ரங்கநாதனும் விஸ்வநாதனும் அமெரிக்காவுக்குப் போய் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கமும் புல்லாங்குழலும் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழே தெரியாத மாணவர்களும் அவர்களிடம் கற்றார்கள். சென்னையில் ஒரு வீட்டில் மெதுவாகக் கேட்ட இசை கடல் தாண்டிப் போய்விட்டது, பார்த்தாயா? 2010-ல் இந்திய அரசு தனம்மாளின் படத்தோடு ஒரு தபால்தலையும் வெளியிட்டது.

நீயும் கடல் தாண்டி வந்த பிள்ளைதான். உன் பாட்டிக்கும் ஏதாவது ஒரு பாட்டு தெரிந்திருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை போனில் பேசும்போது பாடச் சொல்லிக் கேள். தனம்மாள் வீட்டில் கேட்ட மாதிரி, சத்தம் போடாமல் கேள்.

புதிய சொற்கள்
தந்தி – இசைக் கருவியில் இருக்கும் கம்பி
மீட்டுதல் – விரலால் தந்தியை இழுத்து விட்டு ஒலி எழுப்புதல்
மெட்டு – வீணையில் விரல் வைத்து அழுத்தும் இடம்
வித்துவான் – இசையை நன்றாகக் கற்றவர்
நிதானமாக – அவசரப்படாமல்

பதில் சொல்
1. தனம்மாள் வீட்டில் எல்லாரும் ஏன் பேசாமல் இருந்தார்கள்?
2. வலது கையின் எந்த விரல்கள் பாட்டுத் தந்தியை மீட்டும்?
3. கண் பார்வை போன பிறகும் தனம்மாளால் எப்படி வாசிக்க முடிந்தது?
4. தனம்மாளின் பேரன்கள் எந்த நாட்டில் இசை சொல்லிக்கொடுத்தார்கள்?

செய்து பார்
மேசையில் வலது கையை வை. ஆள்காட்டி விரல், நடு விரல் என்று மாறி மாறி எட்டுத் தடவை தட்டு. முதல் தட்டுக்கும் ஐந்தாம் தட்டுக்கும் சுண்டு விரலையும் சேர்த்துத் தட்டு. முதலில் மெதுவாக. தப்பு வராமல் மூன்று தடவை செய்த பிறகு கொஞ்சம் வேகமாகச் செய். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு செய்து பார். விரல்களுக்கு நினைவு இருக்கிறதா?